பதினோரு பலகை

அப்பா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று முதலில் பார்த்தது தரையைத்தான்.

நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். அவர் விழுந்தது எங்கள் ஹாலில். வெள்ளை டைல்ஸ். மழைச்சாரல் அடித்து ஈரமாகிக் கிடந்த இடத்தில் கால் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து, மூன்று வாரம் கட்டிலில் கிடந்தார். அந்த மூன்று வாரத்துக்குள் டைல்ஸ் மேலேயே எஸ்பிசி பலகை போட்டு முடித்திருந்தேன். பார்க்க மரம் மாதிரி இருக்கும், மரம் இல்லை. சுண்ணாம்புக்கல் மாவும் பிளாஸ்டிக்கும் சேர்த்து அழுத்திச் செய்தது. ஒன்றின் விளிம்பில் இன்னொன்றை மாட்டி அழுத்தினால் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளும். பசை வேண்டாம், டைல்ஸை உடைக்க வேண்டாம். ரெண்டு பங்களாதேஷ் தொழிலாளிகள் ஒன்றரை நாளில் முடித்துவிட்டுப் போனார்கள். அப்பா பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன்.

நான்கு கால் ஊன்றுகோலை வாசற்படியில் ஊன்றி நின்றார். தரையைப் பார்த்தார். பிறகு தரையும் சுவரும் சேருகிற இடத்தைப் பார்த்தார். கண் அங்கேயே நின்றுவிட்டது.

"ஸ்கர்ட்டிங்க கழட்டாமயா தரைய போட்டிங்க?"

"மொதல்ல உள்ள வாங்க" என்றார் அம்மா.

"யாரு கழட்ட வேணாம்னு சொன்னது?"

சொன்னது நான்தான்.

சுவரின் அடியில் ஓடுகிற பலகைக்கு வீட்டில் யாரும் மரியாதை கொடுப்பதில்லை. துடைப்பம் இடிக்கும், மாப் தண்ணீர் தெறிக்கும், பிள்ளைகள் சைக்கிளால் மோதும். அதன் வேலையே அதுதான், சுவருக்கு வர வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்வது. இன்னொரு வேலையும் உண்டு. தரைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை மறைப்பது. எஸ்பிசி மாதிரித் தரைகளைச் சுவரோடு ஒட்டிப் போடக்கூடாது. சூட்டில் கொஞ்சம் நீளும், குளிரில் சுருங்கும். அதற்காகச் சுற்றிலும் எட்டு, பத்து மில்லிமீட்டர் விட வேண்டும். அதனால்தான் முறை இப்படி: முதலில் பழைய ஸ்கர்ட்டிங்கைக் கழற்று, பிறகு தரையைப் போடு, கடைசியில் புது ஸ்கர்ட்டிங்கை வைத்து இடைவெளியை மூடு.

கழற்ற அடிக்கு மூன்று வெள்ளி தனியாக ஆகும் என்றார் கொன்ட்ராக்டர். ஹாலில் மட்டும்தான் ஸ்கர்ட்டிங் இருந்தது, அறுபத்தாறு அடி. கிட்டத்தட்ட இருநூறு வெள்ளி. வேலை தொடங்கிய காலையில் தொழிலாளி பலகையைக் காலால் தட்டி, "இனி புக்கா தாக், காக்?" என்று கேட்டார். கழற்றவா வேண்டாமா என்று அவர் கேட்டதற்கு, மருத்துவமனைக்குக் கிளம்புகிற அவசரத்தில், "தாக் பாயா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். வேண்டாம் என்று. அவர்கள் பழைய பலகையை ஒட்டித் தரையைப் போட்டு, இடைவெளிமேல் ஒரு பிளாஸ்டிக் பட்டையை ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அப்பா சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர், குறை சொல்லத்தான் செய்வார் என்று விட்டுவிட்டேன். நாலாவது நாள் மத்தியானம் வெயில் கண்ணாடிக் கதவு வழியாக ஹாலுக்குள் விழுந்தபோது, கதவுப் பக்கம் ரெண்டு பலகைகள் சேருகிற இடம் கூரை மாதிரி மேலே தூக்கிக்கொண்டு நின்றது. மிதித்தால் அமுங்கியது, காலை எடுத்தால் மறுபடியும் எழுந்தது. சுண்டு விரல் உயரம்கூட இருக்காது. ஆனால் காலை இழுத்து இழுத்து நடக்கிற மனிதருக்கு அது போதும், மறுபடியும் விழ.

"அந்தப் பக்கம் எடம் விடாம இறுக்கிட்டானுங்க" என்றார் அப்பா. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, பார்க்காமலே சொன்னார். "நீள எடமில்லாட்டி அது எங்க போகும்? மேலதான் தூக்கும். ஸ்கர்ட்டிங்க எடுத்தா தன்னால உக்காரும். ஒரு பக்கம் எடுத்தா மட்டும் பத்தாது. எல்லாத்தையும் எடுக்கணும்."

"ஆள கூப்புடுறேம்பா."

"ஆளுங்கள கூப்புட்டதுதான பாத்தேன். நீயே எடு. நான் சொல்றேன்."

அண்ணன் இருப்பது சிங்கப்பூரில். சனிக்கிழமை காலை பசியாறிவிட்டு நான் தரையில் உட்கார்ந்தேன். முப்பத்தாறு வயதில், கணக்காளர் வேலை பார்க்கிற விரல்களோடு. ஸ்டோர் ரூமிலிருந்து அப்பாவின் கருவிப்பெட்டியை இழுத்து வந்தேன். அதை நான் திறந்ததே அன்றுதான்.

கையில் கடப்பாரையை எடுத்ததும் சத்தம் வந்தது. "அது கடைசி. மொதல்ல கத்தி."

பலகையின் மேல் விளிம்பில், அது சுவரைத் தொடுகிற கோட்டில், கத்தியால் கீற வேண்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும் சாயம் அடித்து அடித்துப் பலகையும் சுவரும் ஒரே தோலாக ஆகியிருந்தன. கீறாமல் நெம்பினால் பலகையோடு சுவர்ச் சாயமும் சிமிந்திப் பூச்சும் பாளம் பாளமாகப் பிய்ந்து வரும். அறுபத்தாறு அடியையும் முட்டி போட்டுக் கீறினேன்.

பிறகு தட்டையான சுரண்டி. ஆணி இருக்கிற இடமாகப் பார்த்து, சுத்தியலால் மெதுவாகத் தட்டி, பலகைக்குப் பின்னால் இறக்க வேண்டும். ஒரு நூல் இடைவெளி கிடைத்த பிறகுதான் கடப்பாரை. அதையும் சுவரில் நேராக ஊன்றக்கூடாது. நடுவில் ஒரு பிளைவுட் துண்டை வைத்து அதன்மேல் ஊன்ற வேண்டும், அழுத்தம் பரவும். தரையில் ஊன்றவே கூடாது. தரைதான் புதுசு. தரையை முதலில் போட்டதால் வந்த வினை இதுதான்: பலகையின் அடி விளிம்பு புதுத் தரையின் மேல்மட்டத்துக்குக் கீழே, ஐந்தாறு மில்லி ஆழத்தில் சிக்கிக் கிடந்தது. வெளியே இழுத்தால் தரைப் பலகையின் விளிம்பு தெறிக்கும். முதலில் கொஞ்சம் மேலே தூக்கி, பிறகுதான் வெளியே இழுக்க வேண்டும்.

"மெதுவா. ஒரே எடத்துல நெம்பாத. ஒரு ஆணிக்குக் கொஞ்சம், அடுத்த ஆணிக்குக் கொஞ்சம். ஊரயே கூட்டிட்டு வர்ற மாதிரி."

முதல் பலகை முனகிக்கொண்டே வந்தது. அப்பா ஆணியை நேராகச் சுவரில் அடித்திருக்கவில்லை. சுவரில் துளை போட்டு, மர ஆப்பை இறக்கி, ஆப்பில் ஆணி அடித்திருந்தார். அதனால் சுவர் உடையவில்லை. ஆணியை முன்பக்கம் தட்டி எடுக்கப் போனேன். "பின்னால இருந்து கொறட்டால இழு. முன்னால தட்டுனா மொகம் பேந்துடும்" என்றார். குப்பைக்குப் போகிற பலகைக்கு முகம் எதற்கு என்று நினைத்துக்கொண்டே திருப்பினேன்.

பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது.

அப்பாவின் கையெழுத்து. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற, கொம்பும் சுழியும் பெரிசு பெரிசாகப் போடுகிற கையெழுத்து. வெளிச்சம் படாத இடம் என்பதால் நேற்று எழுதியது மாதிரி இருந்தது. "மெரந்தி. சுபாங் வீடு. மாடிப்படி மிச்சம். கேட்டு எடுத்தது. 11/95."

நான் சத்தமாகப் படித்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "அடுத்தத எடு" என்றார்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அப்பா தச்சர் பரம்பரை இல்லை. கோல சிலாங்கூர் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ரப்பரை வெட்டிச் செம்பனை போட ஆரம்பித்தபோது தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கு வந்து, வீடுகளுக்கு ரெனோவேஷன் செய்கிற ஒரு சீனத் தவுக்கேயிடம் மூட்டை தூக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பார்த்துப் பார்த்தே இழைப்புளியும் உளியும் பிடிக்கக் கற்றுக்கொண்டார். பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, பங்சார், ஷா ஆலம் என்று பெரிய பெரிய வீடுகளில் அலமாரியும் மாடிப்படியும் செய்தார். எங்கள் தாமான் வீட்டு ஹாலுக்கு ஸ்கர்ட்டிங் போட்டபோது எனக்கு ஆறேழு வயது. கிடைத்த துண்டுகளை அளவுக்கு அறுத்து, ஒவ்வொரு மாதமும் ஒரு சுவர். ஒன்று சிவப்பாக இருக்கும், ஒன்று மஞ்சளாக. ஒட்டாமல் தெரிந்ததால் எல்லாவற்றுக்கும் மேலே காப்பி நிறத்தில் சாயம் அடித்தார். சாமி மேடைச் சுவர் மட்டும் ரொம்ப நாள் வெறுமையாகக் கிடந்தது. அந்த அளவுக்கு நீளமான கட்டை கிடைக்கவில்லை என்பார்.

1997-இல் பொருளாதார நெருக்கடி வந்தது. வீட்டுக் கடனும் ரிங்கிட்டும் பெரியவர்கள் பேச்சில் ஓயாமல் அடிபட்டன. 1998 செப்டம்பரில் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று அரசாங்கம் கட்டி வைத்தது. அதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. எனக்கு அப்போது தெரிந்தது அப்பா பகலிலும் வீட்டில் இருக்கிறார் என்பது மட்டும். பெரிய வீட்டுக்காரர்கள் மாடிப்படியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்கள்.

அந்த வருஷம் ஒரு ராத்திரி தவுக்கே எங்கள் வீட்டுக்கு வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. அப்பாவும் அவரும் மலாயில் பேசினார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு ரெண்டு சொல் நன்றாகப் புரிந்தது. காயு. சூரி. கட்டை, திருட்டு. மறுநாளிலிருந்து அப்பா அவரிடம் வேலைக்குப் போகவில்லை. அடுத்த வாரம் பள்ளி பஸ்ஸில் ஒரு பையன், "உங்கப்பா கட்ட திருடுனாராமே" என்றான். நான் அவன் தண்ணீர்ப் போத்தலைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஹாலில் உட்கார்ந்து ஸ்கர்ட்டிங்கைத்தான் பார்த்தேன். ஒன்பது வயதில், ஒவ்வொரு பலகையாக.

அப்பாவிடம் கேட்கவே இல்லை. ஒரு கேள்வியை ஒன்பது வயதில் கேட்காவிட்டால் பத்தொன்பதில் கேட்க முடிவதில்லை, இருபத்தொன்பதில் அது கேள்வியாகவே இருப்பதில்லை. தோழிகளை வீட்டுக்கு அழைப்பதைத் தவிர்த்தேன். அதற்கு வேறு காரணங்கள் சொல்லிக்கொண்டேன். நல்ல டைல்ஸ், நல்ல தரை, எல்லாவற்றையும் புதுசாக மாற்ற வேண்டும் என்ற ஆசை எனக்குள் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததும் இல்லை.

ரெண்டாவது பலகை: "ஞாத்தோ. பங்சார். புத்தக அலமாரி மிச்சம். வீட்டுக்கார அம்மா குடுத்தது." மூன்றாவது: "மெரந்தி. ஷா ஆலம். தவுக்கேகிட்ட கேட்டது." நாலாவதைத் தூக்கும்போதே கனத்தது. சமையலறை வாசல் பக்கத்துப் பலகை அது. மாப் தண்ணீர் பட்டுப் பட்டு சாயத்துக்கு அடியிலிருந்து பழுப்புக் கறை இறங்கி, எத்தனை முறை சாயம் அடித்தாலும் திரும்பத் திரும்ப வரும். அம்மா அதைத் திட்டாத நாள் கிடையாது.

"அது மெர்பாவ்" என்றார் அப்பா, நான் திருப்புவதற்கு முன்பே. "தண்ணி பட்டா சாயம் விடும். அது மரத்தோட கொணம்." மெர்பாவைத்தான் 2019-இல் மலேசியாவின் தேசிய மரமாக அறிவித்தார்கள் என்று சொன்னேன். "அப்பிடியா? நம்ம வீட்ல அது இருவது வருசமா அழுதுகிட்டு இருந்துச்சு" என்றார். பின்பக்கம் எழுதியிருந்தது: "மெர்பாவ். பிஜே. மாடித் தரை மிச்சம். கேட்டு எடுத்தது. 3/96."

"ஏம்பா எழுதி வச்சிங்க?"

கொஞ்ச நேரம் மேலே சுழல்கிற காற்றாடியைப் பார்த்தார். "யாராச்சும் வந்து கேட்டா சொல்லணும்ல? நான் வாயால சொன்னா எவன் நம்புவான்."

"அன்னிக்கு அந்த தவுக்கே வந்தப்ப காட்டலாம்ல?"

"காட்டணும்னா கழட்டணும்ல."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாட்சி எல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஆணி அடித்து, மேலே சாயம் பூசி, எங்கள் ஹாலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினேன்.

மத்தியானத்துக்குள் பத்துப் பலகைகள் வந்துவிட்டன. பத்திலும் எழுத்து இருந்தது. மரத்தின் பேர், வீடு, எதன் மிச்சம், யாரிடம் கேட்டது. நான் சுவரோரம் சாய்த்து வைத்த பலகைகளை அம்மா சமையலறையிலிருந்து வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். அவருக்கு இது தெரிந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை. எனக்குள் ஏதோ இளகிக்கொண்டே வந்தது. இருபத்தேழு வருஷமாக ஒரு மனிதரை வீட்டுக்குள்ளேயே சந்தேகப்பட்டிருக்கிறேன் என்று தோன்றியது. எல்லாப் பலகையும் முடிந்ததும் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றுகூட நினைத்தேன்.

பதினோராவது, சாமி மேடைச் சுவர்ப் பலகை.

அதுதான் எல்லாவற்றிலும் நீளம், கிட்டத்தட்ட ஒன்பது அடி, ஒரே துண்டு. ஆணியை இழுக்கவே அரை மணி நேரம் ஆனது. இத்தனை வருஷத்தில் ஒரு செல் தொடவில்லை, ஒரு பொத்தல் இல்லை. சாயம் பேர்ந்த இடத்தில் தேன் நிறம். மரம் தெரியாத எனக்கே தெரிந்தது இது வேறு என்று.

"செங்கால்" என்றார் அப்பா. திரங்கானுவில் படகு கட்டுகிற மரம். பழைய மலாய் வீடுகளின் தூண்கள் செங்கால். அன்றைக்கும் விலை அதிகம், இன்றைக்கும் அதிகம்.

திருப்பினேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தூசியைத் துடைத்தேன். கைப்பேசி வெளிச்சத்தை அடித்து முனையிலிருந்து முனை வரைக்கும் பார்த்தேன். மேல் விளிம்பு, கீழ் விளிம்பு. வெறும் மரம்.

"அதுல எழுதல" என்றார் அப்பா.

நான் பலகையைக் கீழே வைத்தேன்.

"அது மிச்சம் இல்ல. புதுக் கட்ட. ரெண்டு மாசச் சம்பளம் நின்னுபோச்சு. கேட்டா அடுத்த மாசம், அடுத்த மாசம்னான். அவனுக்கும் வரவேண்டியது வரல, அது எனக்குத் தெரியும். ஆனா அரிசிக்கடக்காரனுக்கு அது தெரியாது. ஒரு நா சாயந்தரம் லோரியில ஏத்தும்போது இத தனியா எடுத்து வச்சேன். விக்கலாம்னுதான் எடுத்தேன். விக்க மனசு வரல. திருப்பிக் குடுக்கவும் மனசு வரல. கொண்டாந்து இங்க அடிச்சிட்டேன்."

"சம்பளம் தராததுக்குத்தானப்பா."

"சம்பளம் தராததுக்குச் சம்பளத்தத்தான் கேக்கணும். கட்டய எடுத்தா அதுக்குப் பேரு வேற."

நான் அவருக்காக ஏதாவது சொல்ல நினைத்தேன். கணக்குப் பார்த்தால் ரெண்டு மாதச் சம்பளம் இந்தப் பலகையைவிட எத்தனையோ மடங்கு. என் தொழிலே கணக்கு. வரவும் செலவும் சரியாக வந்துவிடும். ஆனால் அவர் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை. பத்துக்கு எழுதி வைத்த அதே ஆள் ஒன்றுக்கு எழுதாமல் விட்டிருக்கிறார். பொய்யாகக்கூட எழுதியிருக்கலாம். சுவரைப் பார்க்கிற பக்கம், யார் படிக்கப் போகிறார்கள்? 'கேட்டு எடுத்தது' என்று ரெண்டு சொல். அதை அவர் எழுதவில்லை.

அப்பா நிரபராதி என்று ஒரு மனசும், இல்லை என்று ஒரு மனசும் இருபத்தேழு வருஷமாக எனக்குள் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தன. ரெண்டுமே சரி இல்லை. பத்தும் ஒன்றும். அதுதான் அப்பா. மன்னிப்புக் கேட்கிற எண்ணம் போய்விட்டது. சந்தேகமும் போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் வெயில் வந்தபோது கதவுப் பக்கம் மேடு இல்லை. தரை படுத்துவிட்டது. சுற்றிலும் இப்போது பெரிய இடைவெளி. பழைய பலகையின் கனம் பத்தொன்பது மில்லி, தொழிலாளிகள் விட்ட இடம் எட்டு மில்லி, ஆக இருபத்தேழு. கடையில் வாங்குகிற எந்த ஸ்கர்ட்டிங்கும் அந்த இடைவெளியை மூடாது. சரியான வரிசையில் செய்திருந்தால் வந்திருக்கவே வராத பிரச்சினை.

"பழசயே போடலாம்" என்றார் அப்பா. "பின்னால அர இஞ்சு பிளைவுட் பட்ட குடுத்து முன்னால தள்ளு. பன்னெண்டும் பத்தொம்போதும் முப்பத்தொண்ணு. நாலு மில்லி தரமேல ஏறி நிக்கும். போதும். தரமேல சும்மா உக்காரணும், அழுத்தக்கூடாது. ஆணி செவுத்துக்குத்தான், தரைக்கு இல்ல. தர அது பாட்டுக்கு நகரட்டும்." மேலே தெரிகிற பிளைவுட் விளிம்பை மறைக்க மெல்லிய சட்டம் ஒன்று. சாயத்தைச் சுரண்டிவிட்டு, இந்த முறை காப்பி நிறம் வேண்டாம் என்று நான் சொன்னேன். சிவப்பு சிவப்பாகவே, மஞ்சள் மஞ்சளாகவே இருக்கட்டும்.

அடுத்த சனிக்கிழமை பத்துப் பலகைகளை அடித்து முடித்தோம். செங்காலை எடுத்தபோது அப்பா கையை நீட்டினார். "பென்சில் குடு."

கொடுத்தேன். பலகையின் பின்பக்கத்தை அவர் மடிக்கு நேராகப் பிடித்தேன். கை நடுங்கியது. 'செ'வுக்குக் கொம்பு போட்டார். பிறகு பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நீயே எழுது."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "செங்கால். தவுக்கே கட்ட. கேக்காம எடுத்தது. 1998."

"போதுமாப்பா?"

"கீழ உன் தப்பையும் எழுது."

"என்ன தப்பு?"

"தரைய மொதல்ல போட்டது."

எழுதினேன். தேதியும் போட்டேன். பிறகு அந்தப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி, ஆப்பு இருக்கிற இடம் பார்த்து, ஒரு ஆணிக்குக் கொஞ்சம் அடுத்த ஆணிக்குக் கொஞ்சம் என்று அடித்தேன். அப்பா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து, கண்ணாடிக் கதவு வரைக்கும் மெதுவாக நடந்து போய், மேடு இருந்த இடத்தை ஊன்றுகோலால் ரெண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.